டோக்கன் மாட்டிய ஆணி

சாம்பியன் ரீஃப்,
கோலார் தங்க வயல்.
11 பிப்ரவரி 2025

அன்புள்ள லதா,

இப்படி நேரங்கெட்ட நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். என் பெண் ஷைனி தூங்கினால்தான் எனக்குக் கை ஓய்கிறது. நாலு வயதுக்கு அவள் பேசுகிற பேச்சு அடங்கும்போது இன்றைக்கு மணி பதினொன்று. எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் இடது விலாவுக்குக் கீழே இருக்கிற தையல். குனிய முடியவில்லை. தலையணைமேல் அட்டை வைத்துச் சாய்ந்தபடி எழுதுகிறேன்.

உன் போன் நம்பர் மாறிவிட்டது. உன் அம்மாவிடம் கேட்டேன். "குடுக்காதன்னு சொல்லிகீறாடி, நான் இன்னா பண்ணட்டும்" என்றார் மங்கம்மா அத்தை. கடைசியில் முகவரி கிடைத்தது உங்கள் ஆஸ்பத்திரியிலேயே. டிஸ்சார்ஜ் அன்று கொடுத்த கவரில் ஒரு அச்சடித்த தாள். 'வருடம் ஒருமுறை உங்கள் நலம் கேட்டு எங்களிடமிருந்து கார்டு வரும். தவறாமல் பதில் அனுப்பவும்.' கீழே தொடர் கண்காணிப்புப் பிரிவின் முகவரி, அதற்கும் கீழே உன் பெயர்.

ஜனவரி 17ஆம் தேதி என் இடது கிட்னியை எடுத்தார்கள். கேன்சர் கட்டி, ஏழு சென்டிமீட்டர். வயிற்றுப் பொருமல் என்று ஆறு மாதம் ஓம வாட்டர் குடித்துக்கொண்டிருந்தேன். பங்காருபேட்டையில் ஸ்கேன் எடுத்தபோது, அதுவரை மாமியார் கதை பேசிக்கொண்டிருந்த டெக்னீஷியன் பெண் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

வேலூருக்கே போகலாம் என்று சொன்னது நான்தான். தினமும் ரயிலில் பெங்களூர் போய் வருகிற என் வீட்டுக்காரர் இன்பராஜுக்கு அங்கேயே பார்ப்பதுதான் சுலபம். உன் அப்பா துரை மாமாவுக்குப் பார்த்த இடம், அதே வியாதி, அங்கேதான் தெரியும் என்று அவரிடம் சொன்னேன். அது பாதி உண்மை. ஆறு நாள் வார்டில் கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன், லதா. மூன்றாம் நாள் நான் மயக்கத்தில் இருந்தபோது ஐடி கார்டு மாட்டிய ஒரு அம்மா வந்து, அவர் மடியிலிருந்த குழந்தையின் பெயரைக் கேட்டுவிட்டுப் போனதாக இன்பராஜ் சொன்னார். அது நீயா?

உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. கட்டியின் அளவு, செல் எந்த கிரேடு, நிணநீர் முடிச்சுக்குப் போயிருக்கிறதா, எல்லாவற்றையும் டாக்டர் கம்ப்யூட்டரில் போட்டார். "உங்களைப் போல நூறு பேரை எடுத்துக்கிட்டா, அஞ்சு வருஷத்துல…" என்று ஆரம்பித்தார். "வேணாம் டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். அவர் அந்தத் தாளை மடித்துக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். அது இப்போது ரேஷன் கார்டோடு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்தவள் ஒரு நம்பருக்குப் பயந்து சாகிறேன். சிரித்துக்கொள்.

ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். நம்பரைச் சொல்ல வேண்டாம். கவரைத் திறக்கலாமா, அதை மட்டும் சொல். தினமும் இந்த நம்பர்களோடு இருக்கிறவள் நீ.

மாமா சாவு வீட்டில் நீ என்னைச் சொன்ன வார்த்தையை நான் மறக்கவில்லை. அது பொய் என்று நான் இந்த ஆறு வருடத்தில் ஒருநாளும் சொன்னதில்லை.

சீக்கிரம் பதில் எழுது.

லவினா

*

வேலூர்,
19 பிப்ரவரி 2025

லவினாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ரிப்போர்ட் நகலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தனிப்பட்ட நோயாளிகளின் முடிவுகளைப் பற்றி எங்கள் பிரிவு கருத்துச் சொல்வதில்லை. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேட்கவும்.

உங்களுடைய முதல் ஸ்கேன் ஜூலை 14, திங்கட்கிழமை, காலை எட்டு மணி. நாலு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் வரவும். ரத்தப் பரிசோதனை முந்தின வாரமே முடிந்திருக்க வேண்டும்.

லதா து.

குழந்தைக்கு உன் மூக்கு.

*

சாம்பியன் ரீஃப்,
26 பிப்ரவரி 2025

லதா,

'உங்களுடைய', 'வரவும்' என்றெல்லாம் எனக்கு எழுதுகிற அளவுக்கு நீ பெரிய ஆபீசராகிவிட்டாய். ஒரே தெருக்குழாயில் குடம் வைத்துச் சண்டை போட்டவர்கள் நாம். கடைசி வரி மட்டும் இல்லையென்றால் கிழித்துப் போட்டிருப்பேன்.

பகலில் படுத்தே கிடப்பதால் பழசெல்லாம் வருகிறது. ஏர் பிளாஸ்ட் விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? சுரங்கத்துக்குள்ளே எங்கேயோ பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். மேலே நம் லைன் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கும். நாம் இரண்டு பேரும் ஓடிப்போய்த் தரையில் உள்ளங்கையை வைப்போம். "எழுபதாவது லெவல்" என்பாய் நீ. "இல்ல, தொண்ணூறு" என்பேன் நான். அம்மாக்கள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு சுரங்க வாயிலிருக்கும் ஷாஃப்டை நோக்கி ஓடிக்கொண்டிருப்பார்கள். நமக்கு அது பந்தயம். தோற்றவள், தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டின் உச்சிவரை ஏறிச் சறுக்க வேண்டும். நான் தோற்றதே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சரியா தப்பா என்று யார் போய்ப் பார்த்தார்கள்? சத்தமாகச் சொன்னவள் ஜெயித்தாள், அவ்வளவுதான்.

சாயந்திரம் துரை மாமா தலையெல்லாம் புழுதியோடு வருவார். நம்மைப் பார்த்ததும், "டோக்கன் மாட்டியாச்சு" என்பார். வேறு ஒன்றும் சொல்ல மாட்டார். இறங்கும்போது பலகை ஆணியிலிருந்து பித்தளை டோக்கனை எடுத்துப் போய், ஏறி வந்ததும் மறுபடி மாட்டுவார்கள். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் உன் அம்மா அடுப்பைப் பற்றவைப்பார்.

அதனால்தான் 2016இல் அந்த வார்த்தை என் வாயில் வந்தது. மாமா ஆபரேஷன் முடிந்து வந்து, உங்கள் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, இதே மாதிரி நம்பர் போட்ட தாளை என்னிடம் நீட்டினார். "காலேஜ் பொண்ணே, இன்னாம்மா போட்டுகீறாங்க?" நூறில் எண்பத்தைந்து பேர் ஐந்து வருடம் தாண்டுவார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம். "மாமா, டோக்கன் மாட்டியாச்சு. மேல வந்துட்டீங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். மைன்ஸ் மூடியபோது வீட்டுக்குக் கொண்டுவந்த தன் டோக்கனை மாட்டி வைத்திருந்த ஆணியிலேயே, ஆஸ்பத்திரியில் கையில் கட்டிவிட்ட பிளாஸ்டிக் பட்டையையும் மாட்டினார். அதற்குப் பிறகு யார் ஸ்கேனுக்குக் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான். "டோக்கன் மாட்டுன ஆள எவன் திரும்ப எறக்கறது?"

மூன்று வருடம் கழித்து இருமலில் ரத்தம் வந்தபோதுதான் அடுத்த ஸ்கேன் எடுத்தீர்கள்.

"எங்க நைனாவ நம்பர் சொல்லியே சாகடிச்சவ நீ." சாவு வீட்டில் நீ சொன்னது சரி.

இப்போது என் வீட்டில் நடந்ததைக் கேள். என் கையில் கட்டியிருந்த பட்டையை ஷைனி வளையல் என்று கேட்டு வாங்கி, விளையாடி முடித்ததும் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறாள். எனக்கே தெரியாது. நேற்று அத்தை எனக்குக் கீரைக்கூட்டு கொண்டுவந்தார். அதைப் பார்த்தவர் கிண்ணத்தை வைக்க மறந்து அப்படியே நின்றுவிட்டார்.

"இத யாரு இங்க மாட்டுனது?"

"நாந்தான் ஆயா. அழகா கீதுல்ல?"

"கத்திரி எங்க கீது?"

நாலு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, "இந்தத் தெருவுல ஒரு ஆளு மாட்டுனது போதும்" என்றார். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல, கூட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டார். உன் அம்மா என்னோடு ஒருநாளும் பேச்சை நிறுத்தவில்லை, லதா. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன். ஜூலைக்கு வர எனக்கு மனமில்லை. இன்பராஜ், "எடுத்துட்டாங்க, முடிஞ்சுது, அதையே நெனச்சுகினு இருக்காத" என்கிறார். அதைக் கேட்க ஆசையாக இருக்கிறது. மாமாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். கண்டுபிடித்தால்தானே இருக்கும்? ஷைனியை யூகேஜியில் சேர்க்கிற வருடம் இது. அவளுக்கு இன்னும் தலை பின்னிக்கொள்ளத் தெரியாது. இன்பராஜ் பின்னினால் தேங்காய் நார் மாதிரி இருக்கிறது.

லவினா

*

வேலூர்,
14 மார்ச் 2025

லவி,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்கு முன்னால் தபாலில் போட்டுவிட வேண்டும்.

வார்டுக்கு வந்தது நான்தான். ஆபரேஷன் லிஸ்ட் முந்தின நாளே எங்கள் மேஜைக்கு வரும். லவினா இன்பராஜ், 33, சாம்பியன் ரீஃப். வேறு எவளோ என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். அந்த ஊரில் எத்தனை லவினா இருக்கப் போகிறாள்? மூன்றாம் நாள் வந்தேன். வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாய், சின்ன வயதில் போலவே. உன் புருஷனிடம் குழந்தையின் பெயரைக் கேட்டேன். அதற்குமேல் நின்றால் அழுதுவிடுவேன் என்று போய்விட்டேன்.

நான் இந்த வேலைக்கு எதற்கு வந்தேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நைனாவை இவர்கள் எப்படிக் கைவிட்டார்கள் என்று கண்டுபிடிக்க வந்தேன். ஒரு போன் போடவில்லை, ஒரு கார்டு போடவில்லை, இவர்களும் உன்னைப் போலத்தான் என்று நினைத்திருந்தேன். சேர்ந்த இரண்டாவது வாரம் ஃபைலை எடுத்தேன். துரை, வயது 58, வலது கிட்னி. உள்ளே இரண்டு பதில் கார்டுகள் இருந்தன. 2017, 2018. இரண்டிலும் 'நலம், நோய் இல்லை' என்ற கட்டத்தில் டிக். இரண்டும் என் கையெழுத்து.

நான் மறந்தே போயிருந்தேன், லவி. தொடர்புக்கு என்று பெங்களூர் ஹாஸ்டல் முகவரியைக் கொடுத்திருந்தது நான்தான். கார்டு வந்தபோது கே.ஆர். புரம் பஸ் ஸ்டாப்பில் நின்றபடி போன் பண்ணினேன். "எப்படி கீற நைனா?" "எனக்கு இன்னா, குண்டுக்கல்லு மாதிரி கீறேன்." பஸ் வந்துவிட்டது. டிக் போட்டுப் பெட்டியில் போட்டேன். ஸ்கேன் எடுத்தாயா என்று கேட்கவில்லை. அடுத்த வருடமும் அப்படியே. மூன்றாவது கார்டு அவர் போய் ஒரு மாதம் கழித்து வந்தது. அதைக் கிழித்தேன்.

நீ அவரிடம் ஒருதரம் சொன்னாய். நான் இரண்டு வருடம் எழுதியே கொடுத்தேன். நாலு வருடமாக அந்த ஃபைல் இருக்கும் அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். உன்மேல் கோபமாக இருந்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதை விட்டால் யார்மேல் கோபப்படுவது?

இந்த நம்பரெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று உனக்குப் புத்தகத்தில் தெரியும். நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். ஆம்பூரிலிருந்து ஒரு அம்மா, 'அவருக்குப் பசி எடுக்கிறது, பேரனை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுகிறார்' என்று கட்டத்துக்கு வெளியே எழுதுவார். குடியாத்தத்திலிருந்து ஒருவர் பதிலே போட மாட்டார். அவரைக் கடைசியாகப் பார்த்த தேதிவரை நன்றாக இருந்தார் என்று கணக்கில் எடுத்துக்கொண்டு, அதோடு விட்டுவிடுவோம். இப்படி வந்த பதில்களும் வராத பதில்களும் சேர்ந்துதான் உன் கவரில் இருக்கிற தாள். அதற்குள் என் நைனாவும் இருக்கிறார். 2018வரை நலமாக.

இன்று காலை திருத்திவிட்டேன். நோய் திரும்பியது ஏப்ரல் 2019. மரணம் ஆகஸ்ட் 2019. தகவல் தந்தவர்: மகள். பக்கத்து சீட் மரியகுழந்தை அக்கா பார்த்துவிட்டு, "ஒரு ஆளால நம்பர் ஒண்ணும் நகராது லதா" என்றார். நகராது என்று எனக்கும் தெரியும்.

கவரைத் திற. தனியாகத் திறக்காதே. திறந்ததும் அது உன்னைப் பற்றிய செய்தி என்று நினைக்காதே. அது நூறு பேரைப் பற்றிய செய்தி, அதில் நீ யார் என்று அதற்குத் தெரியாது.

இன்னொன்று. உன் அப்பா வைண்டர். அத்தனை வருடம் இன்ஜின் ரூமில் உட்கார்ந்து, ஆட்கள் போகிற இரும்புக் கூண்டை, அந்தக் கேஜை, ஏற்றி இறக்கியவர், கேஜைக் கண்ணால் பார்த்ததில்லை. கீழே லெவலில் நிற்கிறவன் மணி அடிப்பான். அதைக் கேட்டுத்தான் இழுப்பார். மணி வராவிட்டால் பிரேக்கிலிருந்து கையை எடுக்க மாட்டார். நாம் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோனால்கூடத் திரும்பிப் பார்க்காத மனுஷர் ஜெயகரன் மாமா. அவர் பெண்ணுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆபரேஷன் முடிந்தால் மேலே வந்தாயிற்று என்று அர்த்தமில்லை. கேஜில் ஏறியிருக்கிறாய், அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு ஒரு லெவலில் நின்று மணி அடிக்க வேண்டும். இரண்டு வருடம் தாண்டியவளுக்குப் பழைய நம்பர் செல்லாது, புதிதாகப் போடுவோம். அது பெரும்பாலும் முதல் நம்பரைவிட நல்லதாகத்தான் இருக்கும். இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. பட்டியலில் இருக்கிறது.

ஜூலை 14. வராவிட்டால் நானே சாம்பியன் ரீஃபுக்கு வந்து முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன்.

லதா

*

சாம்பியன் ரீஃப்,
16 ஜூலை 2025

அன்புள்ள லதா,

நாலு மாதமாகப் பதில் எழுதாததற்குத் திட்டாதே. போய்வந்து எழுதலாம் என்று வைத்திருந்தேன். போகாமல் எழுதினால் வெறும் வாய்ப்பேச்சு.

கவரை மார்ச்சிலேயே திறந்துவிட்டோம். இன்பராஜ் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். எழுபத்தெட்டு. அவர் கையைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு, "நான் முப்பத்தஞ்சுல பாஸ் பண்ணவன். எழுபத்தெட்டுன்னா டிஸ்டிங்ஷன்டி" என்றார். நான் சிரித்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தைக் குற்றம் சொன்னார். அன்றிலிருந்து, "அதையே நெனச்சுகினு இருக்காத" என்று அவர் சொல்வதில்லை. காலண்டரில் ஜூலை 14ஐச் சிவப்பு இங்க்கில் வட்டம் போட்டது அவர்தான்.

அத்தை ஷைனியைப் பார்த்துக்கொண்டார். நாங்கள் முதல் நாளே வந்து தங்கினோம். ஸ்கேன் முடிந்து உன் பிரிவுக்கு வந்தேன். நீ சென்னைக்குப் பயிற்சிக்குப் போயிருப்பதாக மரியகுழந்தை அக்கா சொன்னார். வேண்டுமென்றே போனாயா, அனுப்பினார்களா என்று நான் கேட்கவில்லை. உன் நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். மேஜையில் பதில் கார்டுகள் பறக்காமல் இருக்க அவற்றின் மேல் மாமாவின் டோக்கனை வைத்திருக்கிறாய். 2147. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தேன். உங்கள் வீட்டு ஆணி காலியாக இருப்பதை இத்தனை நாள் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். ஆணிக்குக் கீழே சுவரில் வட்டமாக ஒரு வெளுத்த அடையாளம் மட்டும் இருக்கிறது. அத்தை அதன்மேல் சுண்ணாம்பு அடிக்க விடுவதில்லை.

ரிசல்ட்டுக்கு வருகிறேன். கிட்னி எடுத்த இடம் சுத்தம். கல்லீரல், எலும்பு எல்லாம் சுத்தம். வலது நுரையீரலில் ஒரு புள்ளி. நாலு மில்லிமீட்டர். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "இந்த அளவுல இருக்கிறது பெரும்பாலும் ஒண்ணுமில்லாததுதான். பழைய சளி, தூசி, எதுவா வேணும்னாலும் இருக்கலாம். இப்ப ஊசி போட்டு எடுக்கக்கூட முடியாது. மூணு மாசம் கழிச்சு வளர்ந்திருக்கான்னு பாக்கலாம்" என்றார். எங்கள் ஊர் என்ன என்று கேட்டார். சொன்னேன். "அந்த ஊர்த் தூசிக்கு இதெல்லாம் சகஜம்" என்று லேசாகச் சிரித்தார். சின்ன வயதில் சயனைடு மேட்டில் சறுக்கினேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. தோற்றவள்தானே சறுக்க வேண்டும், நான் தோற்றதே இல்லை என்று இத்தனை வருடம் சொல்லிவந்தேனே. நீ வீட்டுக்குப் போனபிறகு நான் தனியாக ஏறிச் சறுக்குவேன், லதா. இதை யாரிடமும் சொன்னதில்லை.

உங்கள் கார்டையும் அங்கேயே கொடுத்தார்கள். மூன்று கட்டம் இருக்கிறது. நலம், நோய் திரும்பியுள்ளது, மூன்றாவது நான் போட முடியாதது. என்னுடைய கட்டம் அதில் இல்லை. இன்பராஜ், "மொதல்ல கீறதுல டிக் போடு, நல்லதா நெனச்சுக்கலாம்" என்றார். பேனாவை வைத்தேன். முடியவில்லை. ஆம்பூர் அம்மா மாதிரி கட்டத்துக்கு வெளியே எழுதியிருக்கிறேன். 'வலது நுரையீரலில் 4 மி.மீ. என்னவென்று தெரியவில்லை. பசி எடுக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. அக்டோபர் 13 மறுபடி வருகிறேன். லவினா, என் கையெழுத்து.' இதோடு இணைத்திருக்கிறேன். எந்த ஃபைலில் போட வேண்டுமோ போட்டுவிடு.

இந்த மூன்று மாதத்தை எப்படிக் கடப்பது என்று தெரியவில்லை. பகலில் சமாளித்துவிடுகிறேன். ஷைனிக்கு இரண்டு பின்னல் போடக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். நாலு வயதுக் கைக்கு அது வராது. ஆனாலும் ஒரு பொம்மைக்குப் போடுகிறாள். அவசரம் ஏன் என்று இன்பராஜ் கேட்கவில்லை.

அக்டோபர் 13ஆம் தேதி ஸ்கேன் அறை வாசல்வரை நீ என்கூட வர வேண்டும். இன்பராஜும் வருவார், ஆனால் பயந்தால் ஜோக் அடிக்க ஆரம்பித்துவிடுவார். அன்றைக்கு எனக்கு ஜோக் தாங்காது. நீ ஒன்றும் பேச வேண்டாம். வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

வருவாயா, மாட்டாயா என்று சீக்கிரம் எழுது.

உன்
லவி